மிலிட்டரி கழற்ற முடியாத பெல்ட்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும், அதற்கு மேலும் கொள்ளிடத்துப் பாலம் வரைக்கும் போய் விசாரித்தாலும் சரி, பிரிசில்லாக்கா தைத்த நாய் பெல்ட்டுக்கு ஈடான பெல்ட் பூமியில் கிடையாது. நாலு பெல்ட்டை ஒன்றாக முடிந்தால் சிதம்பரத்துத் தேரை நாலு வீதியும் இழுத்து வந்து நிலையில் விடலாம். தேர்ச் சக்கரம் கழன்றாலும் கழலும், பெல்ட் கழலாது. வங்காள விரிகுடாவுக்குக் கழுத்து என்று ஒன்று இருந்திருந்தால், அக்கா அதற்கும் அளவெடுத்து ஒரு பெல்ட்டை மாட்டி, கரையில் முளையடித்துக் கட்டியிருப்பாள். நமக்குச் சுனாமியும் வந்திருக்காது, புயலும் வந்திருக்காது. கடலுக்குக் கழுத்து வைக்காமல் விட்டது கடவுள் செய்த தப்பு. அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை.

மஞ்சக்குப்பத்தில் அக்கா கடை கொடிகட்டிப் பறந்தபோது தெருவே இப்படித்தான் பேசியது. இப்போது அதே வாய்கள், "சில்லாக்கா பெல்ட்டா? பத்து நாள் தாங்காதே!" என்கின்றன. நடுவில் ஒரு நாய் வந்தது, ஒரு புயல் வந்தது. அவ்வளவுதான்.

பிரிசில்லா பிறந்த ஊர் சிதம்பரம். கல்யாணத்துக்கு முன்னால் மேலவீதிப் பக்கம் ஸ்கூல் பை தைக்கிற கடையில் மிஷின் மிதித்தவள். மூட்டை கனத்தோடு பிள்ளைகள் எறிந்து விளையாடினாலும் வார் அறுந்துவிடாதபடி, நைலான் நாடாவில் சதுரமாகப் பெட்டி போட்டுக் குறுக்கே ஒரு பெருக்கல் குறியும் போட்டுத் தைக்க அங்கேதான் கற்றுக்கொண்டாள். சார்லஸைக் கட்டிக்கொண்டு கடலூருக்கு வந்தாள். சார்லஸுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பாதி நாள் ராத்திரி ஷிப்ட். அவர் பகலில் தூங்கும்போது வீட்டில் மிஷின் ஓடக் கூடாது என்பதற்காகவே வீட்டின் முன்னறையை மறித்து, கதவு போட்டு, கடை வைத்துக்கொண்டாள். சுனாமி வந்த மறு வருஷம் அது.

முதலில் மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ். பிறகு நாய்க்குட்டி. வெள்ளைப் பஞ்சை உருட்டிவிட்ட மாதிரி பொமரேனியன் குட்டிகள் அப்போது ஊரெல்லாம் ஓடின. குட்டி விற்பதில் ஏமாற்று ஜாஸ்தி என்று அக்கா சீக்கிரமே கண்டுகொண்டு, நாய்க்குத் தேவையான சாமான்கள் பக்கம் வந்துவிட்டாள். சங்கிலி, மணி, சோப்பு, உண்ணி மருந்து, சாப்பாட்டுக் கிண்ணம், குளிருக்குச் சட்டை. கழுத்து பெல்ட்டை மட்டும் வெளியே வாங்க மாட்டாள். சிதம்பரத்துக்குப் போய் நாடாவும் கொக்கியும் மொத்தமாக எடுத்து வந்து தானே தைப்பாள். பெல்ட் வாங்க வருகிறவர்கள் நாயைக் கூட்டி வர வேண்டும். மாட்டிவிட்டு, கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் தன் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பாள்.

"ரெண்டு விரல் போவுணும். போவுலன்னா நாய்க்கு மூச்சு முட்டும். மூணு விரல் போச்சின்னா நாய் போயிடும்" என்பாள். எல்லோருக்கும் இதே வசனம்தான், பைபிள் வசனம் மாதிரி.

மிலிட்டரி வந்தது இப்படி. ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் ராஜபாளையம் குட்டி என்று யாரிடமோ வாங்கிப் போனார். ஆறேழு மாதத்தில் அதன் ராஜபாளையம் பாதியிலேயே நின்றுவிட்டது. ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடங்கியது, வால் சுருண்டுகொண்டது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்ட மனுஷனால், தீபாவளி வெடிக்கு அது கட்டிலுக்கு அடியில் போய் மூத்திரம் விட்டதைப் பொறுக்க முடியவில்லை. நாயை அக்கா கடை வாசலில் கொண்டுவந்து விட்டார்.

"எவனாச்சும் ஏமாந்தவன் வந்தா குடுத்துரும்மா. என் வீட்ல இது இருந்தா என் ரெஜிமெண்டுக்கே கேவலம்."

அன்றைக்கே அதற்கு மிலிட்டரி என்று பெயர் வைத்தாயிற்று. ஏமாந்தவன் யாரும் வரவில்லை. நாய் கடையிலேயே தங்கிவிட்டது.

மிலிட்டரிக்கு ஒரு வித்தை தெரியும். எந்தப் பெல்ட்டைப் போட்டாலும் கழற்றிவிடும். பின்பக்கமாக நாலடி நகரும், இரண்டு காதையும் படிய வைத்துக்கொள்ளும், தலையைக் குனிந்து ஒரே ஒரு உலுக்கு. பெல்ட் தரையில் கிடக்கும். ஓடிப் போகிற நாயாக இருந்தால் கூடப் பரவாயில்லை. கழற்றிய பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே, பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். பெல்ட் வாங்க வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவதே இந்தக் காட்சிதான்.

எதிர்வீட்டுச் செம்பியன் சும்மா இருப்பானா? பத்தாவதில் கோட்டடித்துவிட்டுத் தெருவை அளந்துகொண்டிருந்த பையன் அவன்.

"யக்கா, நீ நாய்க்கு பெல்ட் விக்கிறியா, இல்ல பெல்ட் கழட்ட டியூஷன் எடுக்குறியா?"

"போடா பொறம்போக்கு. மொதல்ல நீ டியூஷனுக்குப் போ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

சார்லஸுக்கு வேறு கஷ்டம். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தால், மிலிட்டரி பால்காரரைப் பார்த்துக் குரைக்கும், தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும், யாரும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று குரைக்கும். "ஏ சில்லா, ஒன்னு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார் ஒரு நாள். அக்கா கொஞ்சம் யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று சார்லஸுக்கு அதுவே பெரிய வருத்தம்.

கடைசியில் மிலிட்டரியைச் செம்மங்குப்பத்தில் இருந்த சார்லஸின் அக்காள் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் காலையில் கடைக் கதவைத் திறந்தால், வாசலில் மிலிட்டரி. வெறுங்கழுத்து. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"ஏ சில்லா, உன் நாய் பெல்ட்ட மட்டும் எங்க ஊட்ல வச்சிட்டுப் போயிருக்கு. நான் மாட்டிக்கவா?"

அக்கா நாயைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் மிஷினில் உட்கார்ந்தாள். கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கலாம், செம்பியன் சிரிக்கலாம், நாத்தனார் சிரித்தால் எப்படி விடுவது?

அப்போது பிறந்ததுதான் அந்தப் பெல்ட். நாடாவின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம். வளையங்களுக்குள் புகுந்து வருகிற இன்னொரு சின்ன நாடா. நாய் சும்மா நின்றால் பெல்ட் தளர்ந்து கிடக்கும். பின்னால் இழுத்தால் இறுகும். எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுகும். மூச்சு நிற்காத அளவுக்கு இறுகி, தலை வராத அளவில் நிற்கும்படி அக்கா அளவு பிடித்தாள். எல்லாத் தையலும் ஸ்கூல் பைத் தையல்: பெட்டி போட்டு, பெருக்கல் குறி போட்டது.

மிலிட்டரி நாலடி பின்னால் நகர்ந்தது. காதைப் படிய வைத்தது. ஒரு உலுக்கு. பெல்ட் அப்படியே இருந்தது. இன்னொரு உலுக்கு. பிறகு தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தது. "நீயா இப்படிப் பண்ண?" என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அக்காவுக்கு அன்றைக்கு அது பெருமையாக இருந்தது.

"மிலிட்டரியே கழட்ட முடியாத பெல்ட்" என்று ஒரு அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிட்டாள். அப்புறம் வந்த கூட்டத்துக்குத்தான் மேலே சொன்ன தேர்க் கதையெல்லாம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், நெய்வேலியிலிருந்துகூட ஆள் வந்தார்கள்.

அப்படி வந்தவர்தான் கொளஞ்சியப்பன். அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்பும் பத்துப் பன்னிரண்டு பலா மரமும் வைத்திருந்தவர். தோப்பில் மோட்டார் ஒயரை இரண்டு தடவை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். நாய் வளர்த்தாராம், அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

"ஏம்மா, அட்டையில போட்டுருக்கியே, நெசந்தானா?"

"சும்மா இழுத்துப் பாருங்கண்ணா."

அவர் இழுத்துப் பார்த்தார். மிலிட்டரியைத் தடவிப் பார்த்தார். மிலிட்டரி அவர் கையை நக்கியது. பலாப்பழ வாசனை இருந்திருக்கும்.

"பெல்ட்டு மட்டும் வாங்கிட்டுப் போயி நான் இன்னா பண்றது, நாய எங்க தேடுறது? இந்த நாயவே குடேன். நல்லாத்தான் குலைக்குது."

உள்ளே படுத்திருந்த சார்லஸ் எழுந்தே வந்துவிட்டார். "எடுத்துட்டுப் போங்கண்ணே. தங்கமான நாயி. குலைக்கறதுன்னா அதுக்கு அவ்ளோ ஆச."

அக்காவுக்கு மனசில்லை. ஆனால் "ஊடு மாறுனா கழட்டிட்டு வந்துடுமே, செம்மங்குப்பத்துலேந்து வந்துச்சாமே?" என்று கொளஞ்சியப்பன் கேட்டதும் அவளுக்குள் இருந்த அந்தப் பழைய முள் அசைந்தது.

"இந்தப் பெல்ட்ட அவன் கழட்டிட்டான்னா நான் கடைய மூடிர்றேண்ணா."

புதிதாக ஒரு பெல்ட் தைத்து, தானே மாட்டி, இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். வண்டியில் ஏற்றும்போது புத்தியும் சொல்லி அனுப்பினாள்.

"அண்ணா, பழகற வரைக்கும் அவுத்து வுட்டுறாதீங்க. கொஞ்ச மாசத்துக்குக் கட்டியே வைங்க. வுட்டீங்கன்னா நேரா இங்கதான் வந்து நிப்பான்."

அவர் நல்ல மனுஷர். சொன்னபடியே கட்டி வைத்தார்.

தானே புயல் வந்தது கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில். விடியற்காலையில் காற்று ஆரம்பித்தது; விடிந்த பிறகும் விடிந்த மாதிரியே இல்லை. அக்கா கடையின் தகர ஷீட் எழுந்து போய் எங்கோ விழுந்தது. மீன் தொட்டிகள் உடைந்து, தரையில் தங்க மீன்கள் துள்ளின. துள்ளியதைச் சார்லஸ் குடத்தில் அள்ளிப் போட்டார். அக்கா லவ் பேர்ட்ஸ் கூண்டைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்று ஊளையிடும்போதெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்புதான். தீபாவளி வெடிக்கே கட்டிலடிக்கு ஓடிய நாய்.

"மிலிட்டரி வந்துடுவான் பாருங்க" என்றாள் சார்லஸிடம். "இந்தச் சத்தத்துக்கு அங்க இருக்க மாட்டான்."

சார்லஸ் அவளைப் பார்த்தார். "நீ தச்ச பெல்ட்டும்மா அது" என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் குடத்தை மூடினார்.

காற்று நின்றது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, போன் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ரோட்டில் மரம். அக்கா கடைவாசலில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு கிண்ணத்தில் சோறும் வைத்தாள். செம்பியன் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது, அக்கா வீட்டு வாசலில் நாய்க்குத் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்து அன்றைக்கு யாரும் ஜோக் அடிக்கவில்லை. வருஷப் பிறப்பு ஆராதனைக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு போயிருந்தது. எல்லாரும் கூரைக்கும் குடும்பத்துக்கும் ஜெபித்தார்கள். பிரிசில்லாக்கா மட்டும், தன் கையால் போட்ட தையல் பிரிந்து போகட்டும் என்று ஜெபித்தாள். இருபது வருஷம் மிஷின் மிதித்த எந்தப் பொம்பளையும் இப்படி ஒரு ஜெபத்தைப் பண்ணியிருக்க மாட்டாள்.

வாசலில் வைத்த சோறு காய்ந்தது. ரோட்டில் மரங்களை வெட்டி வழிவிட்டதும் சார்லஸ் பைக்கை எடுத்தார், அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள். பண்ருட்டிச் சாலையில் போகப் போக இரண்டு பக்கமும் முந்திரிக் காடு படுத்துக் கிடந்தது. சீப்பை வைத்து ஒரே பக்கமாக வாரிவிட்ட தலை மாதிரி. மரம் இருந்த இடத்தில் எல்லாம் வானம் தெரிந்தது.

கொளஞ்சியப்பன் விழுந்து கிடந்த பலா மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். தாடி முளைத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாம்மா. வா தம்பி. உக்காருங்க. ஊட்ல ஓடு ஒன்னு இல்ல, உக்கார இதான் இருக்கு."

ஒரு தலைமுறை வளர்த்த மரமெல்லாம் போய்விட்ட மனிதரிடம் நாய் எங்கே என்று எப்படிக் கேட்பது? அக்கா கேட்கவில்லை. தோப்பை மட்டும் பார்த்தாள். கண் தேடியதை அவரே பார்த்துவிட்டார்.

"இந்த மரத்துலதாம்மா கட்டியிருந்தேன். காத்து ஏற ஏற கத்துனான். அவுத்து வுட்டுடலாம்னு எழுந்தேன். வாசப்படியத் தாண்ட முடியல, ஓடு பறந்து வந்து நெத்தியிலயே அடிச்சுது." நெற்றியில் காயத்தைக் காட்டினார். "பக்கத்துத் தோப்பு நாயிங்கல்லாம் கயித்த அறுத்துக்கினு ஓடியாந்து என் ஊட்டுத் தாவாரத்துலதான் நின்னுச்சிங்க. இவனும் அறுத்துக்கினு வருவான் வருவான்னு பாத்தேன்."

உள்ளே போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். சோப்புப் போட்டுத் துவைத்திருந்தார்.

"நல்ல பெல்ட்டும்மா" என்று அக்கா கையில் கொடுத்தார். "அவ்ளோ பெரிய மரம் வுழுந்தும் ஒரு நூலு பிரியல."

பாராட்டாகத்தான் சொன்னார். அக்கா பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெட்டி இருந்தது, பெருக்கல் குறி இருந்தது. இரண்டு விரலை அதற்குள் விட்டாள். கழுத்து இல்லாத பெல்ட்டில் எத்தனை விரல் வேண்டுமானாலும் போகும்.

"நான்தாண்ணா சொன்னேன், அவுத்து வுடாதீங்கன்னு" என்றாள்.

"நீ இன்னாம்மா பண்ணுவ" என்றார் அவர். சார்லஸும் வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா பைக்கின் பின்னால் உட்கார்ந்து, கடலூர் வரும்வரை பெல்ட்டைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டு வந்தாள். சார்லஸ் அன்று கம்பெனிக்குப் போகாமல் வீட்டில் படுத்தார். தெரு அமைதியாக இருந்தது. அவருக்குத் தூக்கம் வரவில்லை.

கடையைத் திறந்ததும் அட்டையைக் கழற்றினாள். அந்த மாதிரிப் பெல்ட் வாங்கிப்போனவர்களில் தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, "அத குடுத்துட்டு வேற வாங்கிக்கோங்க" என்றாள். அதில் என்னமோ கோளாறு போல என்று ஊர் முடிவுகட்டியது. பாதிப் பேர் கொண்டுவரவே இல்லை; நல்ல பெல்ட்டை எதற்குத் திருப்பிக் கொடுப்பது?

அதற்குப் பிறகு தைக்கிற பெல்ட்டில் அக்கா ஒரு வேலை செய்கிறாள். எல்லா இடத்திலும் நைலான் நூல், பெட்டி, பெருக்கல் குறி. ஒரே ஒரு இடத்தில் மட்டும், வளையம் சேருகிற இடத்தில், பெட்டியும் கிடையாது, பெருக்கல் குறியும் கிடையாது. ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்கிற பருத்தி நூலால் ஒற்றை ஓட்டம். பூனையைப் பார்த்து இழுத்தால் தாங்கும். தபால்காரரைப் பார்த்துத் துள்ளினாலும் தாங்கும். உயிருக்குப் பயந்து ஒரு நாய் முழு பலத்தோடு இழுத்தால் அறுந்துவிடும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் அந்த நூலை மாற்றுவதைச் சார்லஸ் ஒரு நாள் பார்த்துவிட்டு, செம்பியனிடம் மட்டும் சொன்னார். "வெளிய சொல்லிடாதடா" என்று வேறு சொன்னார், செம்பியனிடம் போய்.

வாங்கியவர்கள் வந்து கத்துகிறார்கள். "இன்னாக்கா, உன் பெல்ட்டு இந்த லட்சணத்துல இருக்கு? முன்னெல்லாம் எப்படி இருந்துச்சி!"

"நாய் இழுத்தா நான் என்னாங்க பண்றது?" என்பாள். வேறொன்றை எடுத்துக் கொடுப்பாள். அதிலும் அதே நூல். வியாபாரம் இறங்கிவிட்டது. கடை வைத்த நாளிலிருந்து சம்பாதித்த நல்ல பெயரை ஒற்றை ஓட்டத் தையலால் அவளே பிரித்துப் போட்டாள். இந்த மழைக்காலத்தில் இன்னொரு புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னபோதுகூட, பெல்ட் அறுந்துபோச்சு என்று தெருவில் நாலு பேர் வந்து சண்டை போட்டார்கள். எல்லார் வீட்டு நாயும் மழை நேரத்தில் பெல்ட் அறுந்து, வீட்டுக்குள் புகுந்து, சோபாவில் படுத்திருந்ததாம். சில்லாக்கா பெல்ட் பத்து நாள் தாங்காது என்ற பேச்சு உறுதியானது அப்போதுதான்.

இவ்வளவையும் எழுதிய செம்பியன், அக்காவிடம் போய்ப் படித்துக் காட்டினான். அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தேர் இழுக்கிற இடத்தில் சிரித்தாள். கொளஞ்சியப்பன் வந்த இடத்தில் எழுந்துபோய் லவ் பேர்ட்ஸுக்குத் தினை போட்டாள். இருந்த தினைக்கு மேலேயே போட்டாள். முடிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"சார்லஸ் உன்கிட்ட சொன்னாராக்கும். இருக்கட்டும். பத்து நாள் தாங்காதுன்னு எழுதியிருக்கியே, அது மட்டும் பொய்."

"ஊரே சொல்லுதுக்கா."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள். திரும்பி வந்த பெல்ட்டுகள். இரண்டு கட்டாகப் பிரித்து வைத்தாள்.

"இது பண்ருட்டி, நெய்வேலிலேந்து வந்தது. பாரு, என் நூல் இருக்குற எடத்துல பிரிஞ்சிருக்கு. பஞ்சு தொங்குது. இது நம்ம தெருவுல வந்தது. நூல் அப்படியே இருக்கு. நைலான் நாடா நடுவுல அறுந்துருக்கு, நேரா."

"எலி கடிச்சிருக்கும்க்கா."

"எலி ஸ்கேல் வச்சிக் கடிக்குமாடா?"

செம்பியன் கூரையைப் பார்த்தான். புது ஷீட். பார்க்க ஒன்றும் இல்லை.

"மழ வர்ற அன்னிக்கா பாத்து ஊட்டுக்கு ஊடு அறுந்துருக்கு. ஏன்டா, என் நூல நம்பலியா நீ?"

"அறுவாமப் போயிட்டா?" என்றான். கிண்டலாகச் சொல்லத்தான் நினைத்தான். குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு ஒரு பெல்ட்டை எடுத்து, பிளாஸ்டிக் கொக்கியின் இரண்டு பக்கத்தையும் அமுக்கினாள். டக்கென்று கழன்றது.

"அமுக்குனா கழண்டுக்கும். வெட்டக் கூடாது, அவுங்க காசு போட்டு வாங்குனது" என்றாள். "சட்டப் பையில இருக்குற பிளேட எடுத்து இங்க வச்சிட்டுப் போ."